மடகாஸ்கரின் நித்திய கல்யாணி: யாருக்குக் கிடைத்த கொடை?



நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாள் நெருங்கும்போது நம் பங்குகளில் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்வது வழக்கம். மண்வெட்டியோடு வரும் நம் இளைஞர்கள் நெருஞ்சியையும் அருகம்புல்லையும் வெட்டும்போது, கூடவே பிடுங்கி எறியும் செடி ஒன்று உண்டு. அதை யாரும் நட்டதில்லை. யாரும் தண்ணீர் ஊற்றியதும் இல்லை. மணலிலும், காரை உதிர்ந்த கல்லறை இடுக்கிலும் தானாக முளைத்து, இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ ஐந்து இதழ்களோடு ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டே இருக்கும். சுடுகாட்டு மல்லி என்று நம் மக்கள் அதை அழைக்கிறார்கள். அதே செடிக்கு நித்திய கல்யாணி என்ற மங்கலப் பெயரும் உண்டு. ஈழத்தில் பட்டிப்பூ என்பார்கள். மலையாளத்தில் வழங்கும் ஒரு பெயரோ பிணநாற்றத்தைக் குறிப்பது. ஒரே செடிக்குத் திருமணத்தின் பெயரும் சுடுகாட்டின் பெயரும்! பெயருக்குப் பயந்து வீட்டு முற்றத்தில் இதை வைக்கத் தயங்குபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இந்தச் செடியைப் பற்றி இம்முறை சற்று விரிவாகப் பார்க்க விரும்புகிறோம். இரத்தப் புற்றுநோயால் வருந்தும் குழந்தைகளுக்கு உலகெங்கும் இன்று செலுத்தப்படும் முதன்மையான மருந்துகளுள் ஒன்று இதன் இலையிலிருந்துதான் வருகிறது. அந்த மருந்து யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்பது நம் மனசாட்சிக்குரிய கேள்வி.

இது நம் மண்ணின் செடி அன்று. இதன் தாயகம் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் மடகாஸ்கர் தீவு நாடு. அங்கே இதை வொனெனினா என்கிறார்கள். ஓரடி முதல் மூன்றடி வரை வளரும் சிறு செடி. இலைகள் எதிரெதிராக, பளபளப்பாக, நடுநரம்பு வெளிறி, நுனியில் ஊசிபோன்ற சிறு கூர்முனையோடு இருக்கும். காம்பை ஒடித்தால் பால் வடியும். அரளியும் இதே குடும்பம்தான். அரளியைப் போலவே இதிலும் நஞ்சு உண்டு. ஆகவே ஆடுமாடுகள் இதில் வாய் வைப்பதில்லை. வறட்சியைத் தாங்கும், மணலிலும் வளரும், ஆடு தொடாது என்றால் ஒரு செடி உலகமெங்கும் பரவ வேறென்ன வேண்டும்?

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதன் விதைகள் பாரிஸ் நகரின் அரச தோட்டத்தை அடைந்து, அங்கிருந்து இலண்டனின் செல்சி தோட்டத்துக்குச் சென்றன. அழகுச் செடியாகக் கப்பலேறி, வெப்ப நாடுகள் எல்லாவற்றிலும் வேர்விட்டது. சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1759இல் இதற்கு வின்கா ரோசியா என்று பெயரிட்டார். பின்னர் 19ஆம் நூற்றாண்டில் கத்தராந்தஸ் ரோசியஸ் என்ற பெயர் வந்தது. அறிவியலில் இன்றும் அதுவே வழங்குகிறது. 'கதாரோஸ்' என்றால் கிரேக்கத்தில் தூய, 'ஆந்தோஸ்' என்றால் மலர். குருமடத்தில் கிரேக்கத்தோடு போராடியவர்களுக்கு முதல் சொல் பழக்கமானதே. மலைப்பொழிவில் தூய உள்ளத்தோரைப் பற்றி ஆண்டவர் கூறும் பேற்றில் மத்தேயு எழுதும் சொல்லும் இதே சொல்தான். நாம் சுடுகாட்டோடு சேர்த்த பூவை அறிவியலார் தூய்மையோடு சேர்த்திருக்கிறார்கள்.

இனி மருந்தின் கதைக்கு வருவோம். நோபிள் என்ற குடும்பத்தில் இரு சகோதரர்கள், இருவரும் கனடா நாட்டு மருத்துவர்கள். மூத்தவர் கிளார்க் நோபிள். 1921இல் டொராண்டோவில் பாண்டிங் என்ற மருத்துவர் இன்சுலினைத் தேடும் ஆய்வைத் தொடங்கியபோது, அவருக்கு உதவியாளராகப் போக வேண்டியவர் யார் என்று இரு மாணவர்கள் காசு சுண்டிப் பார்த்ததாகச் சொல்லப்படுகிறது. அதில் வென்ற சார்லஸ் பெஸ்ட்டின் பெயர் இன்சுலினோடு சேர்ந்து உலகப் புகழ் பெற்றது. தோற்றவர் இந்தக் கிளார்க் நோபிள்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1952இல் அவருக்கு ஜமைக்கா தீவிலிருந்து ஓர் உறை வந்தது. அதில் இருந்தவை இருபத்தைந்து இலைகள். எல்லாம் நித்திய கல்யாணி இலைகள். ஜமைக்காவில் சர்க்கரை நோயாளிகள் இந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள், இதில் ஏதாவது உண்டா என்று பார்க்க வேண்டும் என்பது வேண்டுகோள். கிளார்க், ஒண்டாரியோ மாநிலத்தின் இலண்டன் நகரில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய தம் தம்பி ராபர்ட் நோபிளிடம் அந்த உறையைச் சேர்த்தார்.

தம்பி எலிகளுக்கு இலைச்சாற்றைப் புகட்டிப் பார்த்தார். இரத்தத்தில் சர்க்கரை குறையவே இல்லை. ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தார். எலிகள் சில நாள்களில் இறந்தன. சோதனை தோல்வி என்று எழுதி முடித்திருக்கலாம். பலர் அப்படித்தான் செய்திருப்பார்கள். அவரோ, எலிகள் ஏன் இறந்தன என்று கேட்டார். கிருமித் தொற்றால் சீழ் பிடித்து இறந்திருந்தன. தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அவற்றின் இரத்தத்தில் பெருமளவு குறைந்திருந்தன. எலும்பு மஜ்ஜையே ஒடுங்கியிருந்தது. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? அவற்றைக் குறைக்கும் பொருள் இந்த இலையில் இருக்கிறதென்றால்?

1954இல் சார்லஸ் பீர் என்ற வேதியியலார் அவரோடு சேர்ந்தார். இருவரும் நான்கு ஆண்டுகள் உழைத்துப் பிரித்தெடுத்த பொருள் வின்பிளாஸ்டின். 1958இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி மருந்து நிறுவனத்திலும் கோர்டன் ஸ்வபோடா என்பவர் இதே செடியை ஆராய்ந்து கொண்டிருந்தார். பிலிப்பைன்ஸ் நாட்டில் இரண்டாம் உலகப் போரின்போது இன்சுலின் கிடைக்காதவர்கள் இந்த இலையைப் பயன்படுத்தினார்கள் என்ற செய்தி அந்த நிறுவனத்தை எட்டியிருந்தது. அங்கேயும் சர்க்கரையைத் தேடித்தான் தொடங்கினார்கள். அங்கேயும் கிடைத்தது புற்றுநோய் மருந்துதான். அவர்கள் பிரித்தெடுத்த வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. வின்பிளாஸ்டின் ஹாட்ஜ்கின் எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும், வின்கிறிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் பயன்பட்டன. இரண்டின் பெயரிலும் உள்ள 'வின்', லின்னேயஸ் இட்ட பழைய பெயரின் மிச்சம்.

இம்மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன? நம் உடலின் செல் ஒன்று இரண்டாகப் பிரியும்போது, அதற்குள் இருக்கும் குரோமோசோம்கள் இருபுறமும் இழுக்கப்பட வேண்டும். அவற்றை இழுக்க மிக நுண்ணிய இழைகள் அந்த நேரத்தில் செல்லுக்குள் உருவாகின்றன. வின்கிறிஸ்டின் அந்த இழைகளை உருவாக விடாது. கயிறு இல்லாமல் தேர் நகருமா? பிரியத் தொடங்கிய செல் பாதியில் நின்று மடிகிறது. புற்றுநோய்ச் செல்கள்தாம் ஓயாமல் பிரிகின்றன என்பதால் அடி முதலில் அவற்றின்மேல் விழுகிறது. நரம்புகளிலும் இதே வகை இழைகள் உண்டு. அதனால்தான் இம்மருந்து பெறும் குழந்தைகளுக்குப் பாதம் மரத்துப்போகிறது, சிலருக்கு நடை தளர்கிறது, மலச்சிக்கல் வருகிறது. முடியும் கொட்டுகிறது. இதை நாளத்தின் வழியாக மட்டுமே செலுத்த வேண்டும். தவறி முதுகுத்தண்டுக்குள் செலுத்தினால் உயிரைக் குடித்துவிடும். பூவின் மென்மைக்கும் மருந்தின் கடுமைக்கும் தொடர்பே இல்லை.

இலையில் இந்தப் பொருள் இருக்கும் அளவு மிக மிகக் குறைவு. ஒரு கிராம் மருந்துக்கு ஐந்நூறு கிலோ அளவுக்கு உலர்ந்த இலை வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு குழந்தைக்கு ஒரு தடவைக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்தான். அப்படியானால் ஒவ்வொரு ஊசிக்கும் பின்னால் அரைக் கிலோ காய்ந்த இலை இருக்கிறது. அதைப் பறித்து உலர்த்திய கைகளும் இருக்கின்றன. மடகாஸ்கரின் வறண்ட தென்பகுதியிலும், நம் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலும் மானாவாரி நிலங்களில் இதன் இலையும் வேரும் மருந்துக்காகச் சேகரிக்கப்பட்டு வந்திருக்கின்றன. வேரிலிருந்து இரத்த அழுத்தத்துக்கான மருந்து எடுக்கப்படுகிறது.

ஒரே மருந்தால் மட்டும் குழந்தைகள் பிழைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே நமக்குப் பழக்கமான ஒரு புனிதரின் பெயர் வருகிறது. டேனி தாமஸ் என்ற லெபனான் வழிவந்த அமெரிக்க நடிகர், வாழ வழி தெரியாமல் தவித்த இளமைக் காலத்தில் புனித யூதா ததேயுவிடம் மன்றாடி, தமக்கு வழிகாட்டினால் அவருக்கு ஒரு திருத்தலம் எழுப்புவதாக நேர்ந்துகொண்டார். அந்த நேர்ச்சையை அவர் நிறைவேற்றியது ஒரு குழந்தைகள் மருத்துவமனையாக. 1962 பிப்ரவரியில் மெம்பிஸ் நகரில் அது திறக்கப்பட்டது. கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளையினக் குழந்தைகளையும் பிரித்து வைத்திருந்த அந்தப் பகுதியில், அங்கே எல்லாரும் ஒரே கூடத்தில் படுத்தார்கள். நேர்ச்சைக் கடனை மெழுகுதிரியாலும் முடிகாணிக்கையாலும் தீர்ப்பது நல்லதே; இப்படியும் தீர்க்கலாம் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறோம்.

அந்த மருத்துவமனை தொடங்கியபோது இவ்வகை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேரே பிழைத்தார்கள். அதன் முதல் தலைமை மருத்துவர் டொனால்டு பிங்கல், வின்கிறிஸ்டினைத் தனியே கொடுக்காமல், ஸ்டீராய்டு மருந்தோடும் பிற மருந்துகளோடும், மூளைக்கான சிகிச்சையோடும் சேர்த்து ஆண்டுக்கணக்கில் தொடரும் முறையை வகுத்தார். 1960களின் இறுதிக்குள் பாதிக் குழந்தைகள் பிழைக்கும் நிலை வந்தது. இன்று வளர்ந்த நாடுகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். நம் நாட்டின் புற்றுநோய் மருத்துவமனைகளிலும் சிகிச்சையின் அடிப்படை இதுதான்.

ஆண்டுக்கணக்கில் தொடரும் என்று சொன்னோம் அல்லவா? நம்மைப் போன்ற நாடுகளில் குழந்தைகளை இழப்பது பெரும்பாலும் அங்கேதான். முதல் நான்கு, ஐந்து வாரச் சிகிச்சையிலேயே பத்துக்கு ஒன்பது குழந்தைகளுக்கும் மேல் நோயின் அடையாளம் இரத்தத்தில் தெரியாத அளவுக்கு மறைந்துவிடும். காய்ச்சல் நிற்கிறது, முகம் தெளிகிறது, பிள்ளை விளையாடத் தொடங்குகிறது. பெற்றோர் ஊர் திரும்புகிறார்கள். இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மருந்து தொடர வேண்டும் என்று மருத்துவர் சொன்னது, பேருந்துக் கட்டணத்துக்கும் நகரத்து வாடகைக்கும் இழந்த கூலிக்கும் முன்னால் தோற்றுப்போகிறது. இப்படிப்பட்ட குடும்பங்களை நாம் பங்குப் பணியில் சந்தித்திருக்கிறோம். மருந்தின் விலை அவர்களை நிறுத்தவில்லை. பிற புற்றுநோய் மருந்துகளோடு பார்த்தால் வின்கிறிஸ்டின் மலிவானதே. மாதம் இரண்டு முறை தாயும் பிள்ளையும் நகரத்துக்குப் போய்வரும் செலவும், அங்கே ஓர் இரவு தங்க இடமும்தான் குறுக்கே நின்றன. நம் வின்சென்ட் தே பவுல் சபையினர் கவனிக்க வேண்டிய இடம் இது.

இன்னொன்று. பிள்ளை தேறிவிட்டது என்று நம்பி, குணமளிக்கும் செபக் கூட்டத்தில் சாட்சி சொல்லிவிட்டு, மருந்தை நிறுத்தியவர்களும் உண்டு. சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தை அப்படிப்பட்டவர்களோடு சேர்ந்து வாசிப்பது நல்லது. நோயுற்றவர் செபிக்க வேண்டும் என்று சொல்லும் அதே அதிகாரம், மருத்துவருக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறது. மருந்து மண்ணிலிருந்து வருவதையும், அதை அறிவுள்ளவர் ஒதுக்கமாட்டார் என்பதையும் எடுத்துரைக்கிறது. செபம் ஒருபுறம், மருந்து மறுபுறம் என்று பிரித்தது நாமே ஒழிய விவிலியம் அன்று.

இதைப் படித்துவிட்டு யாரும் கல்லறைத் தோட்டத்திலிருந்து இலையைப் பறித்துக் கஷாயம் வைக்கப் போக வேண்டாம். சர்க்கரை நோய்க்கு இதன் பூவையும் இலையையும் மெல்லும் பழக்கம் நம் ஊர்களிலும் இருக்கிறது. இச்செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் உள்ளன. புற்றுநோயைத் தடுக்கும் பொருள் இலையில் மிகச் சிறிதளவே இருக்கிறது. கஷாயம் குடித்து அதைப் பெற முடியாது. ஆனால் மற்றப் பொருள்களின் நஞ்சு உடலில் சேரும். கருவுற்ற தாய்மார் இதைத் தொட்டும் பார்க்கக் கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர் அதை விட்டுவிட்டு இந்த இலையை நம்புவது உயிரோடு விளையாடுவதாகும். இன்சுலின் கிடைக்காத போர்க்காலத்தில் பிலிப்பைன்ஸ் மக்கள் செய்ததை, இன்சுலின் கிடைக்கும் காலத்தில் நாம் செய்யத் தேவையில்லை.

மீண்டும் மடகாஸ்கருக்குப் போவோம். இச்செடியின் மருந்தால் மருந்து நிறுவனம் பெருவருவாய் ஈட்டியது. மடகாஸ்கர் மக்களுக்கு அதில் பங்கு எதுவும் போகவில்லை. ஏழை நாடுகளின் உயிர்வளம் சுரண்டப்படுவதற்கு எடுத்துக்காட்டாக இந்தச் செடியைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மடகாஸ்கரின் நாட்டு மருத்துவரிடமிருந்து புற்றுநோய் மருந்தைத் திருடினார்கள் என்பதுபோல் சிலர் சொல்வது சரியன்று. ஆய்வுக்குப் போன இலை ஜமைக்காவிலிருந்து போனது. அதற்குள் இச்செடி இருநூறு ஆண்டுகளாக உலகத் தோட்டங்களில் வளர்ந்துவிட்டிருந்தது. மக்கள் மருத்துவம் சொன்னது சர்க்கரையைப் பற்றி, கிடைத்தது வேறு. 1992இல் ரியோ நகரில் ஏற்பட்ட உயிரியல் பன்மை உடன்படிக்கையும், 2010இல் ஜப்பானின் நகோயாவில் உருவாகி 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நெறிமுறையும், ஒரு நாட்டின் செடிகொடியைப் பயன்படுத்துவோர் அந்நாட்டோடு பயனைப் பகிர வேண்டும் என்கின்றன. நித்திய கல்யாணியோ அதற்கு நெடுங்காலம் முன்பே கடல் கடந்துவிட்டது. சட்டப்படி யாருக்கு யார் கடன்பட்டவர் என்று கேட்டால் தெளிவான விடை கிடைக்காது.

ஆனால் திருச்சபையின் சமூகப் போதனை கேள்வியை வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. படைப்பின் நன்மைகள் எல்லா மனிதருக்கும் உரியவை. தனியுடைமை உரிமை அதற்கு அடுத்த நிலையில்தான் வருகிறது. நம் மறைக்கல்வி ஏடு இதைக் கற்பிக்கிறது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய 'லவுதாத்தோ சீ' திருமடலும் இதையே வலியுறுத்துகிறது. அப்படிப் பார்த்தால் காப்புரிமை யாருடையது என்பதைவிட, அந்தத் தீவிலேயே இரத்தப் புற்றுநோய் கண்ட ஒரு குழந்தைக்கு அந்த மருந்து கிடைக்கிறதா என்பதே முதல் கேள்வி.

உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்று மடகாஸ்கர். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்பின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 இலட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. செல்வ நாடுகளில் அவர்களுள் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் குணமடைகிறார்கள். வறிய நாடுகள் பலவற்றில் முப்பது பேர்கூடக் குணமடைவதில்லை. வின்கிறிஸ்டின் அந்நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இருப்பது வேறு, மாவட்ட மருத்துவமனையின் அலமாரியில் இருப்பது வேறு. நோயைக் கண்டறிய மருத்துவர் வேண்டும், இரத்தம் ஏற்ற வசதி வேண்டும், மருந்து தடையின்றி வர வேண்டும். செல்வ நாடுகளும் இதற்கு முழு விலக்கு அல்ல. 2019இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் இம்மருந்தின் தயாரிப்பைக் கைவிட்டபோது, மீதமிருந்த ஒரே நிறுவனத்தால் ஈடுகட்ட முடியாமல் அங்கேயே குழந்தைகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. மலிவான மருந்தில் இலாபம் குறைவு அல்லவா? புற்றுநோய் கண்ட குழந்தைகளில் குறைந்தது நூற்றுக்கு அறுபது பேராவது 2030க்குள் பிழைக்க வேண்டும் என்ற இலக்கோடு உலக நலவாழ்வு நிறுவனம் 2018இல் ஒரு திட்டம் தொடங்கியது. ஈஸ்ட் நுண்ணுயிரைக் கொண்டு இம்மருந்தின் மூலப்பொருள்களை உருவாக்க முடியும் என்று அறிவியலார் 2022இல் காட்டியிருக்கிறார்கள். அது பெருமளவில் கைகூடினால் இலை இல்லாமலேயே மருந்து கிடைக்கும்; இலை பறித்துப் பிழைக்கும் குடும்பங்களின் நிலை என்னவாகும் என்பதையும் அப்போது யாராவது கேட்க வேண்டும்.

2019 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் மடகாஸ்கருக்குச் சென்றார். தலைநகர் அந்தனனரிவோவில் நாட்டின் தலைவர்களிடம் பேசியபோது, காடுகள் தீயாலும் கள்ளத்தனமாக மரம் வெட்டுவதாலும் அழிவதைக் குறிப்பிட்டார். அதோடு நிற்காமல், காட்டை அழித்துப் பிழைக்கும் ஏழைகளுக்கு வேறு வாழ்வாதாரம் தராமல் காட்டைக் காக்க முடியாது என்பதையும் எடுத்துரைத்தார். நித்திய கல்யாணிக்கு அழிவு இல்லை. அது உலகமெங்கும் பரவிவிட்டது. ஆனால் அதன் இனத்தில் மொத்தம் எட்டு வகைகள் உண்டு. அவற்றுள் ஒன்று இந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் சிறு பூண்டு. மற்ற ஏழும் மடகாஸ்கருக்கே உரியவை. அந்த ஏழில் ஒன்று, தோல்போன்ற தடித்த இலை கொண்ட கத்தராந்தஸ் கோரியாசியஸ். நாட்டின் நடுவேயுள்ள மேட்டுநிலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் அது மிஞ்சியிருக்கிறது. புதுப்புல் முளைக்க வேண்டும் என்று அந்த மேட்டுநிலத்துப் புல்வெளிகளுக்கு ஆண்டுதோறும் தீ வைக்கிறார்கள்.